ஈழத்துச் சைவப் பாடசாலைகளும் அரசாங்க உதவிப்பணமும்

தானங்கள் பலவற்றுள்ளும் வித்தியாதானம் சிறந்ததென்பது நம் பெரியோர் துணிபு. அன்னதானம் ஒருபொழுதின் பசியை நீக்கும். வித்தியாதானமோ கொண்டவனோடு ஒழியாது அவன் வழிவருவார்க்கும் பயன்படும். இவ்வுண்மையை நாம் பலகாலும் பேசுகின்றோம். ஆயின், கற்பிக்கும் பள்ளிக்கு வேண்டும் பொருளை யார் அளிக்கின்றார், அப்பொருளோடு அவர் விதிக்கும் விதிகள் எவை, அவ்விதிகள் பிள்ளைகளின் சமயவாழ்வை எவ்வாறு தாக்குகின்றன என்னும் வினாக்களை நம்மவர் ஆராய்வது அரிது. பொருள் வரும் வழி மாறுந்தோறும் பள்ளியின் இயல்பும் மாறும் என்பது சரித்திரம் காட்டும் உண்மை. இதனை விளக்குதற்கு ஈழநாட்டின் வடபாலுள்ள யாழ்ப்பாணத்தினும் தக்க இடம் வேறில்லை. சிதம்பரத்தில் 1864-ஆம் ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் பிறந்து வளர்ந்து முதன்முதற் பள்ளி நிறுவிய நாடு அதுவாதலின், அவ்வரலாறு தமிழகத்துச் சைவர்க்கும் உரியதேயாம்.

ஐரோப்பியர் வருமுன் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் திண்ணையிலும் மடத்திலும் கோயிலைச் சார்ந்த இடங்களிலும் கற்றனர். ஆசிரியர்க்கு மாணாக்கர் வீட்டார் நெல்லும் துணியும் காணிக்கையும் அளித்தனர். 1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசர் கைப்பட்டது. 1658-இல் ஒல்லாந்தர் அவர்களை வென்று நாட்டைக் கைக்கொண்டனர். ஒல்லாந்தர் நாட்டைக் கோவிற்பற்றுக்களாக வகுத்து ஒவ்வொன்றிலும் தம் சமயத்திற்கென ஒரு பள்ளி வைத்தனர். அப்பள்ளிக்குச் செலவு செய்தது அரசே. ஆசிரியர் பிள்ளைகட்கு எழுத்தறிவித்ததோடு அமையாது, ஞானஸ்நானம் பெற்றாரையும் மணந்தாரையும் தோம்பிற் பதிந்தும் வந்தனர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர்க்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. நிலவுரிமையும் மரபுரிமையும் அத்தோம்போடு பிணிக்கப்பட்டமையால், தம் காணியைக் காத்தற்பொருட்டுச் சைவர் பலர் புறத்தே கிறித்தவராகப் பெயர் பதிந்து அகத்தே சைவராய் வாழ நேர்ந்தது. அரசின் பொருள் பள்ளிக்கு வந்த முதற்காலம் இத்தகையது.

1795-இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. நோர்த் தேசாதிபதி அக்கோவிற்பற்றுப் பள்ளிகளைப் புதுப்பித்தார்; ஆயினும், சிலவாண்டுகளுள் இங்கிலாந்திலிருந்து சிக்கனக் கட்டளை வந்தமையால், 1803-இல் அவற்றின் செலவு பெரிதும் குறைக்கப்பட்டது. அரசு விட்ட இடத்தைப் பாதிரிமார் பிடித்தனர். 1814-இல் உவெஸ்லியன் சங்கத்தாரும், 1816-இல் அமெரிக்க மிஷனாரும், 1818-இல் இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தாரும் யாழ்ப்பாணத்தில் தொழில் தொடங்கினர். அமெரிக்கர் வட்டுக்கோட்டையில் 1823-இல் நிறுவிய உயர்கலாசாலை ஆங்கிலத்தோடு தமிழும் கணிதமும் வானநூலும் கற்பித்துப் பேர்பெற்றது. அவர்தம் கல்வித்தொண்டின் பெருமையை மறுத்தல் நன்றியன்று. எனினும், அவர் பள்ளி வைத்ததன் முதனோக்கம் மதமாற்றமே என்பதை அவரே மறையாது உரைத்தனர்.

அவர்க்குப் பொருள் கடல்கடந்து வந்தது. 1837-இல் அமெரிக்க நாட்டிற் பெரியதொரு பணமுடை உண்டாயிற்று. அதனால் அங்கிருந்து வரும் பொருள் சுருங்க, யாழ்ப்பாணத்து ஊர்ப்பள்ளிகள் பல மூடப்பட்டன. எங்கோ ஒரு நாட்டில் வணிகர் நொடித்துப் போக, ஈண்டு ஒரு சிற்றூரிற் பிள்ளையின் ஏடு மூடப்பட்டது. பிறர் கையை நோக்கி நிற்கும் கல்விக்கு வரும் இடர் இதுவேயென்று அன்றே கண்டுகொண்டிருத்தல் வேண்டும்.

இஃதிங்ஙனமாக, கோல்புறூக் என்பாரின் விசாரணைக்குப் பின் 1834-இல் அரசாங்கம் பாடசாலைச் சபையொன்றை ஏற்படுத்தியது. 1841-இல் அது மத்திய பாடசாலைச் சபையாகத் திருத்தி அமைக்கப்பட்டது. பொதுக்கல்விக்கென ஒதுக்கிய பொருளைப் பங்கிடும் அதிகாரம் அச்சபையினதாயிற்று. சபையில் இருந்தோர் கிறித்தவ குருமாரும் அவரைச் சார்ந்தாருமே. ஆகவே, சைவக்குடிகள் செலுத்திய வரியினின்று எடுத்த பொருள் சைவத்தை நீக்க முயலும் பள்ளிகட்குச் சென்றது. தீங்கு செய்யவேண்டுமென்று ஒருவர் நினையாதிருப்பினும், பங்கிடுவார் ஒருசாராராயின் பங்கும் ஒருசார்ந்தே போம்.

இக்காலத்திலேதான் நாவலரவர்கள் தோன்றினார்கள். 1822-இல் நல்லூரிற் பிறந்து, உவெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் துணைபுரிந்தவர்கள் அவர்கள். பாதிரிமாரின் வலிமை அவர் சமயக் கொள்கையில் அன்று, அவர் நடத்தும் பள்ளியில் உள்ளதென்பதை அருகிருந்து கண்டார்கள். கண்டதும், வேதனம் வரும் அத்தொழிலைத் துறந்து 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டில் அச்சியந்திரசாலையும் நிறுவிப் பாலபாடங்களையும் சைவவினாவிடைகளையும் காலந்தோறும் அச்சிட்டார்கள். முறைப்படுத்திய வகுப்பும் அச்சுப் புத்தகமும் பாதிரிமார் பள்ளியிற் கண்டவை. அவற்றின் உள்ளே வைத்தது சைவம்.

அப்பள்ளிக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? அரசின் உதவி கிட்டவில்லை. சைவப்பெருமக்களை இரந்தும், வீடுதோறும் நாடோறும் சமைக்குமுன் ஒரு பிடியரிசி எடுத்துவைக்கச் செய்து அதனைத் திரட்டியும் பள்ளி நடந்தது. தொடக்கத்தில் ஆசிரியர் வேதனமின்றிக் கற்பித்தனர். பிடியரிசி சிறிது, ஆயினும் அதனை இடும் கை ஒவ்வொரு நாளும் அப்பள்ளியை நினைக்கும். இல்லத்துத் தாய் தன் அடுக்களையிலிருந்தே பள்ளியின் புரவலர் ஆகின்றாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பள்ளி இவ்வாறே நின்றது.

1865-இற் சட்டநிரூபண சபை நியமித்த குழு, மோர்கன் தலைமையிற் கல்வி நிலையை ஆராய்ந்து 1867-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாகப் பழைய பாடசாலைச் சபை ஒழிந்து, 1869-இல் அரசாங்க வித்தியாபகுதி ஏற்பட்டது. உதவிப்பணத்திற்குப் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. எச்சமயத்தார் நடத்தும் பள்ளியாயினும், வித்தியாதரிசி ஆண்டுதோறும் வந்து பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் பாடங்களிற் பரீட்சித்துத் தேறினார் தொகைக்கேற்பப் பணம் அளிப்பார். சமயபோதனையில் அரசு தலையிடாது. 1854-ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைக்குப் பின் சென்னை இராசதானியில் எழுந்த உதவிப்பண முறைக்கு இஃது இனமானதே. சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு அரசின் உதவி கிடைத்ததும் 1870-இல் இவ்விதிகள் வந்த பின்னரே.

இவ்விதி நடுநிலையுடையதென்றே தோன்றும். ஒருவாற்றான் மெய்யும் ஆம். எழுதிய சட்டத்தில் கிறித்தவர், சைவர், பௌத்தர் என்னும் பாகுபாடு இல்லை. ஆயின், நடைமுறையை நோக்குக. உதவிப்பணம் பெறவேண்டின் பள்ளி முன்னரே இருத்தல் வேண்டும். கட்டடமும் பலகையும் புத்தகமும் ஆசிரியரும் அமைந்து, பிள்ளைகள் வந்து கற்று, பரீட்சையில் தேறிய பின்னரே பணம் வரும். அதுகாறும் ஆகும் செலவு யாருடையது? ஐம்பதாண்டாகப் பள்ளிகள் கட்டி வைத்திருந்த சங்கத்தார்க்கு இஃது எளிது. அன்றே தொடங்கும் சைவர்க்கு அரிது. மேலும், பயிற்சித் தகுதிபெற்ற ஆசிரியர் வேண்டும்; பயிற்சி அளிக்கும் கலாசாலைகளோ பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தன.

இதனினும் கொடியது இடைவெளி விதி. உதவி பெறும் பள்ளியொன்று உள்ள இடத்திற்கு அண்மையில் மற்றொன்றிற்கு உதவியில்லை என விதித்தனர். அரசின் பொருள் வீணாகாமைப்பொருட்டு இவ்விதியென்றனர். சிக்கனம் நன்றே. ஆயினும், ஊர்தோறும் முன்னரே மிஷன் பள்ளி இருந்தமையால், முந்தினார் இடம்பெற்றார். பிந்தினார் வெளியே நின்றார். ஊரிற் பெரும்பான்மையோர் சைவராயிருந்தும் அவர் பிள்ளைக்கு அவ்வூரிற் பொதுப்பொருளால் நடக்கும் பள்ளி கிறித்தவப் பள்ளியே ஆயிற்று. 1890-களின் தொடக்கத்தில் அவ்விடைவெளி கால்மைல் என வரையறுக்கப்பட்டது. தெற்கே பௌத்தரும் இவ்விதியால் இடர்ப்பட்டு முறையிட்டனர். நிலைமை ஒவ்வாதாரிடத்து ஒரே விதியைச் செலுத்தின், அவ்விதி முன்னிருந்த ஏற்றத்தாழ்வைக் காக்கும் வேலியாகும். இவ்வரலாற்றில் நாம் கற்கும் முதற்பாடம் இது.

சைவர் இதற்கு இருவகையால் விடையிறுத்தனர்: பள்ளி கட்டினர், விதியை மாற்றக் கேட்டனர். நாவலரவர்கள் 1872-இல் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை பொருளின்மையாற் சிலவாண்டுகளில் நின்றுபோயிற்று. அவர்கள் 1879-இற் சிவபதம் அடைந்தார்கள். ஆயினும் வித்து அழியவில்லை. 1888-இற் சைவபரிபாலன சபை தோன்றியது. அடுத்த ஆண்டில் இந்துசாதனம் பத்திரிகை எழுந்தது. 1890-இல் அச்சபை நடத்திய உயர்தர ஆங்கிலப் பாடசாலையே வண்ணார்பண்ணை இந்துக்கல்லூரியாய் வளர்ந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913-இற் பெண்மக்கட்கு இராமநாதன் கல்லூரியையும் 1921-இற் பரமேசுவராக் கல்லூரியையும் தம் பொருளாலே நிறுவினார். கீழ்மாகாணங்களில் விபுலானந்த அடிகளின் முயற்சியால் இராமகிருஷ்ண சங்கப் பள்ளிகள் பரவின.

விதியும் மெல்ல நெகிழ்ந்தது. 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் மனச்சாட்சி விதி இடம்பெற்றது. தம் சமயமல்லாத போதனையினின்று பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோர்க்கு உரிமை உண்டாயிற்று. 1923-இற் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றியது. அதன் முகாமையாளராய்ப் பன்னெடுங்காலம் உழைத்த சு. இராசரத்தினம் அவர்கள் ஊர்தோறும் சென்று காணியும் கூரையும் இரந்து பள்ளிகளை நிறுவினார். ஊரார் நிலமும் கட்டடமும் தருவர். பதிவுபெற்ற பின் அரசு ஆசிரியர் வேதனத்திற்கு உதவும். சங்கம் முகாமை செய்யும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் சைவாசிரியர் பயிற்சிக் கலாசாலையும் அச்சங்கத்தாலே அமைந்தது. நாற்பதாண்டுக்குள் அச்சங்கத்தின் பள்ளிகள் நூற்றைக் கடந்தன. முன்னே சைவர்க்குத் தடையாய் நின்ற அதே உதவிப்பண முறை, முயன்று கற்றுக்கொண்டபின் அவர்க்கே ஏணியாயிற்று.

ஈண்டு நாம் நாணத்தோடு எழுதவேண்டுவதும் ஒன்று உண்டு. பாதிரிமார் நம் பிள்ளைகளை வேறுபடுத்தினர் என்று முறையிட்ட நாம், நம்முட் சிலரை எவ்வாறு நடத்தினோம்? தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகட்குப் பள்ளி வாயில் பல இடங்களில் அடைபட்டிருந்தது. புகவிட்ட இடத்தும் நிலத்திலோ தாழ்ந்த பலகையிலோ அவர் இருத்தப்பட்டனர். 1929, 1930-ஆம் ஆண்டுகளில், உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகட்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டுமென வித்தியாபகுதி கட்டளையிட்டது. யாழ்ப்பாணத்தில் அதனை எதிர்த்து விண்ணப்பஞ் செய்தாரும் உளர். சில பள்ளிகள் தீக்கிரையாயின. சம ஆசனத்தை ஆதரித்த இளைஞரும் அங்கேயே இருந்தனர் என்பது சற்றே ஆறுதல். ஆன்மாக்கள் யாவும் இறைவனுக்கு அடிமையென்றும், சிவனடியாரிடத்துக் குலம் நோக்கல் குற்றமென்றும் கூறும் சித்தாந்தத்தை உடையோம், பள்ளியிலே ஒரு பலகையைப் பங்கிட மறுத்தோம். அரசின் பொருளோடு வந்த விதி இங்கே நம் சமயநீதியையே நமக்கு நினைப்பூட்டியது. ஆகவே, பொருளோடு வரும் விதி எல்லாம் தீதென்பதும் பொருந்தாது. விதியின் நன்மை தீமை, அஃது எளியாரைக் காக்கின்றதா விலக்குகின்றதா என்பதைப் பொறுத்தது.

1931-இற் புதிய அரசியலமைப்பு வந்தது. கல்வி மந்திரியாகிய கன்னங்கராவின் தலைமையில் 1940-இல் அமர்ந்த சிறப்புக்குழு 1943-இல் அறிக்கை வெளியிட்டது. அதன்வழிப் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி 1945-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. இதனாற் கட்டணம் வாங்கிவந்த ஆங்கிலக் கல்லூரிகள், கட்டணத்தை விட்டு அரசின் உதவியைப் பெறுவதா, உதவியை விட்டுக் கட்டணத்தைக் கொள்வதா என்று தெரிவுசெய்ய நேர்ந்தது. கட்டணம் செலுத்தமாட்டாத உழவன் மகனும் கல்லூரி வாயிலைக் கடந்தான். பிறப்பும் செல்வமும் அடைத்த கதவைத் திறந்த பெருஞ்செயல் அது. ஆனால், அன்றுமுதற் பள்ளியின் உயிர்நிலை அரசின் பொருட்பெட்டியிலேயே நிலைபெற்றது. செலவு முழுதும் அரசினதாயின், ஆட்சி மட்டும் பிறர்பால் நெடுநாள் நில்லாது.

அந்நாள் 1960-இல் வந்தது. அவ்வாண்டின் 5-ஆம் எண் சட்டப்படி உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை டிசம்பர் முதல் அரசின் பொறுப்பாயிற்று; 1961-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டத்தால் அப்பள்ளிகளின் நிலமும் கட்டடமும் அரசுடைமையாகும் வழி ஏற்பட்டது. தனித்து நிற்க விரும்பிய மேல்நிலைப் பள்ளிகள் உதவியின்றியும் மாணாக்கரிடம் கட்டணம் பெறாமலும் நடத்தல் வேண்டுமென்று விதிக்கப்பட்டமையால், நின்றவை சிலவே. கத்தோலிக்கர் தம் பள்ளிகளுள் அமர்ந்து எதிர்த்தனர். சைவருள் வரவேற்றாரும் உளர், வருந்தினாரும் உளர். வரவேற்றார், பொதுப்பொருளால் மதமாற்றம் நடந்த நூற்றாண்டு முடிந்ததென்று மகிழ்ந்தனர். வருந்தினார், பிடியரிசியால் எழுந்த சுவரும் கூரையும் ஒரு கையெழுத்திற் கைமாறினவென்று கலங்கினர். இருவர் கூற்றும் உண்மையே.

இன்றைய நிலை யாது? இலங்கை அரசுப் பள்ளிகளிற் பிள்ளைகள் தத்தம் சமயத்தைப் பாடமாகக் கற்கின்றனர். சைவநெறிப் பாடநூலை அரசே அச்சிட்டு விலையின்றி வழங்குகின்றது. ஞானஸ்நானத் தோம்பு எழுதுதற்கு ஒருகாலத்தில் ஆசிரியரை வைத்த அரசாட்சியின் இடத்தில் இன்று சைவவினாவிடை அச்சாகின்றது. நாவலரவர்கள் கேட்டதற்கு மேலாகவே கிடைத்ததென்று சொல்லலாம்.

எனினும், கிடைத்தது பாடம், போனது பழக்கம். சமயம் பரீட்சைக்குரிய ஒரு பாடமாயின், பரீட்சை முடிந்ததும் அதுவும் முடிந்ததென்று பிள்ளை நினைக்கும். முன்னாளில் ஆசிரியர் பிள்ளைகளோடு கோயில் சென்றார். புராண படனத்தில் இருந்தார். அவர் ஒழுக்கமே முதற் பாடநூலாயிற்று. அவரைத் தேர்ந்தது ஊராரின் சங்கம். குறைகண்டால் உசாவியதும் அவரே. பள்ளி அரசினதாயினபின், ஊரார் பார்ப்போர் ஆயினர். கூரை ஒழுகினாலும் அரசை நோக்குகின்றோம். பிள்ளை தேவாரம் அறியாதிருப்பினும் அரசை நோக்குகின்றோம். முன்னதற்கு நோக்குதல் முறை. பின்னதற்கு நோக்குதல் முறையன்று. அரசு எழுத்தறிவிக்கும், இருக்கை தரும், ஒருவர் பிள்ளையை மற்றொருவர் இழுக்காவண்ணம் காக்கும். பதியினிடத்துப் பசுவிற்கு உண்டாகும் அன்பை எவ்வரசும் அளித்தல் கூடாது.

ஆகலின் சைவர் செயற்பாலன இரண்டு. முதலாவது, பொதுப்பொருள் பங்கிடப்படும் இடத்தில் எல்லார்க்கும் ஒத்த நீதி வேண்டுமென்று கேட்பது. நமக்கு மறுக்கப்பட்டபொழுது மட்டுமன்று, நம்மினும் எளியார்க்கு மறுக்கப்படும்பொழுதும் கேட்பது. இரண்டாவது, எவ்விதி மாறினும் மாறாத ஒரு சிறு பொருளை நம் கையிலேயே வைத்திருப்பது. கோயில்தோறும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் அறநெறிப் பாடசாலைக்கு ஒரு விளக்கும், ஒரு பாயும், ஒழுக்கமுடைய ஆசிரியர் ஒருவரும் போதும். அதற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒவ்வோர் இல்லத்திலும் அடுப்பேற்றுமுன் எடுத்துவைக்கும் ஒரு பிடி அரிசியே அதனை நடத்தும். முன்னூறாண்டில் அரசுகள் நான்கு மாறின. உதவிப்பண விதிகள் பலகால் மாறின. பொருள் வந்தும் நின்றும் மீண்டும் வந்தது. அடுக்களையில் எடுத்துவைத்த அப்பிடியரிசியை நிறுத்த எச்சட்டமும் எழுந்ததில்லை. அதனை நிறுத்தினோர் நாமே, தொடங்கவேண்டியோரும் நாமே.

திருச்சிற்றம்பலம்.